பிரைட் ஏஞ்சல் பாதை: கிராண்ட் கேன்யனில் ஒருநாள் இறக்கமும் ஏற்றமும்

பிரைட் ஏஞ்சல் பாதை என்பது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பிலிருந்து கொலராடோ ஆற்றுக்கு இறங்கும் நடைபாதை. விளிம்பில் அது தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,090 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டி அது சென்று சேரும் முகாம் சுமார் 756 மீட்டரில். இடையில் உள்ள தூரம் 15.3 கிலோமீட்டர். ஒரே பகலில் இதில் இறங்கி, அதே பகலில் மேலே ஏறி வருவது கடினமான ஒருநாள் நடைகளில் உலகெங்கும் பேர்பெற்றது. ஆண்டுதோறும் பலர் செய்து முடிக்கிறார்கள். செய்யக் கூடாத மாதத்தில் முயன்று இறந்தவர்களும் உண்டு. பாதையோரம் பூங்கா நிர்வாகம் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகைகளுள் ஒன்றில், வெயிலில் கையையும் முட்டியையும் தரையில் ஊன்றி வாந்தி எடுக்கும் நடைபயணியின் படம் இருக்கிறது. சுற்றுலாத் தலத்துக்குப் பொருந்தாத படம்தான். ஆனால் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது.

நிலமும் பாறையும்

கிராண்ட் கேன்யன் 446 கிலோமீட்டர் நீளமுள்ளது. சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம், ஆழம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். கொலராடோ பீடபூமி மேலெழும்ப எழும்ப, ஆறு அதை அறுத்துக்கொண்டே கீழே போனதால் உண்டானது. இப்போதுள்ள உருவில் பள்ளத்தாக்கைக் குடையச் சுமார் 50 முதல் 60 லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது புவியியலாளர் பலரின் கணிப்பு. பாறைகளின் வயதோ அதைவிடப் பல மடங்கு. விளிம்பில் காலடியில் இருக்கும் கைபாப் சுண்ணாம்புக்கல் சுமார் 27 கோடி ஆண்டு பழையது. அடியில் ஆற்றோரம் கறுத்துப் பளபளக்கும் விஷ்ணு பாறைகள் ஏறத்தாழ 170 கோடி ஆண்டு பழையவை. பள்ளத்தாக்கின் குன்றுகளுக்கும் பாறைகளுக்கும் கீழைநாட்டுத் தெய்வங்களின் பெயர்களை வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புவியியலாளர்களின் வழக்கம். விஷ்ணுவும் சிவனும் பிரம்மாவும் அரிசோனாவுக்குப் போனது அப்படித்தான்.

செங்குத்தான சுவர்களுக்கு நடுவே நடப்பதற்கு ஒரு வழி கிடைத்ததற்குக் காரணம் பிரைட் ஏஞ்சல் பிளவு. நிலப்பிளவால் பாறை நொறுங்கிய கோட்டில்தான் பாதை இறங்குகிறது. நடப்பவர் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பாதையின் ஒரு புறத்துப் பாறை அடுக்கும் மறு புறத்து அடுக்கும் ஒரே மட்டத்தில் இருக்காது. வெண்மையான கோகோனினோ மணற்கல் பழைய பாலைவன மணல்மேடுகள் இறுகியது. அதற்குக் கீழே வரும் ரெட்வால் சுண்ணாம்புக்கல் பெயருக்கேற்பச் சிவந்திருந்தாலும் உடைத்துப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறம். மேலுள்ள அடுக்குகளிலிருந்து மழை கழுவிக் கொண்டுவரும் இரும்புத் துருதான் வெளிச்சாயம். பாதையோரம் உருண்டு கிடந்த ஒரு பாறையில் 31.3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாற்கால் உயிர் நடந்த தடங்கள் பதிந்திருப்பதை 2016-ல் கண்டார்கள். ஆய்வு 2020-ல் வெளியானது. அதுவரை எத்தனையோ பேர் அந்தப் பாறையைப் பார்க்காமலே கடந்து போயிருக்கிறார்கள். மேலே போகும் அவசரத்தில் இருப்பவர் பாறையைப் பார்ப்பதில்லை.

வரலாறு

இந்தப் பள்ளத்தாக்கில் ஒருநாள் நடைக்கான முதல் எழுத்துச் சான்று ஒரு தோல்வி. 1540-ல் ஸ்பானியத் தளபதி கொரொனாடோவின் படையிலிருந்து பிரிந்து வந்த கார்சியா லோபஸ் தெ கார்தெனஸ் என்ற ஸ்பானியரின் குழுவை ஹோப்பி பழங்குடி மக்கள் தெற்கு விளிம்புக்கு வழிகாட்டிக் கூட்டி வந்தார்கள். கீழே தெரிந்த ஆறு சிறு வாய்க்கால் அளவே இருக்கும் என்று வந்தவர்கள் எண்ணினார்கள். சுறுசுறுப்பான மூன்று பேர் காலையில் இறங்கி, மாலை நாலு மணிவாக்கில் திரும்பினார்கள். மூன்றில் ஒரு பங்குதான் இறங்க முடிந்தது. மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறைகள், அருகில் போனால் செவில்யா தேவாலயத்தின் கோபுரத்தைவிட உயரமாக இருந்தன என்று சொன்னார்கள். தூரத்தைக் கண் தப்பாக அளக்கும் அந்தப் பிழையைப் பயணிகள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பாதை ஸ்பானியருக்கு வெகுகாலம் முந்தியது. விளிம்பிலிருந்து 7.2 கிலோமீட்டர் கீழே ஊற்றுநீர் பாயும் திட்டில் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் பயிர் செய்து வந்தார்கள். அவர்கள் ஏறி இறங்கிய தடம்தான் பிரைட் ஏஞ்சல் பாதையின் மூலம். 1890–91-ல் பீட் பெர்ரி, ரால்ஃப் கேமரன் முதலிய கனிமத் தேடிகள் அதை அகலப்படுத்தினார்கள். செம்பைவிடச் சுற்றுலாப் பயணிகளிடம் காசு அதிகம் என்று கேமரன் சீக்கிரம் கண்டுகொண்டார். பாதையில் குதிரையிலோ கோவேறு கழுதையிலோ இறங்கியவரிடம் தலைக்கு ஒரு டாலர் சுங்கம் வாங்கினார். பாதையை ஒட்டிய முக்கிய இடங்களில் சுரங்க உரிமை கோரிப் பதிந்து வைத்தார். பின்னாளில் செனட்டராகவும் ஆனார். 1919-ல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பின்னும் அந்தப் பாதை பூங்காவின் கைக்கு வரவில்லை. அதனால் 1924–25-ல் பூங்காத் துறை கிழக்கே தனக்கென்று வேறொரு பாதையை வெட்டியது. அதுதான் தெற்கு கைபாப் பாதை. பிளவுக்கோட்டைப் பின்பற்றாமல் முகடு வழியே போவதால் அங்கே காட்சி அதிகம். நிழல் அநேகமாக இல்லை, வழியில் சொட்டுத் தண்ணீரும் கிடையாது. பிரைட் ஏஞ்சல் பாதை 1928-ல் பூங்காவிடம் வந்தது.

அதே 1928-ல் ஆற்றின்மேல் கைபாப் தொங்குபாலம் கட்டி முடிந்தது. அதன் கம்பி வடங்கள் ஒவ்வொன்றும் ஒரு டன் எடைக்குக் குறையாது. வளைவுகளில் கோவேறு கழுதைகளால் அவற்றைக் கொண்டுபோக முடியவில்லை. 42 ஆட்கள் வரிசையாகத் தோளில் ஏந்தி விளிம்பிலிருந்து ஆற்றுவரை நடந்து இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஹவாசுபாய் மக்கள். ஊற்றுத்திட்டில் எஞ்சியிருந்த கடைசி ஹவாசுபாய் குடியிருப்பாளரைப் பூங்கா நிர்வாகம் வெளியேற்றியதும் அந்த ஆண்டில்தான். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் அந்த இடம் ‘இண்டியன் கார்டன்’ என்றே வழங்கியது. 2022 நவம்பரில் அரசு அதை ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ என்று மாற்றியது. பெயர் திரும்பியது, நிலம் திரும்பவில்லை. மேற்கே தங்கள் காப்பகத்தை ஒட்டிய பெரிய நிலப்பரப்பு ஒன்று 1975-ல் ஹவாசுபாய் மக்களுக்கு மீண்டும் கிடைத்தது. இந்தத் திட்டு அதில் சேரவில்லை.

இந்தப் பாதையின் ஒருநாள் நடையர்களில் மறக்கக் கூடாதவர்கள் கோல்ப் சகோதரர்களான எல்ஸ்வொர்த்தும் எமரியும். பாதை தொடங்கும் இடத்தில் விளிம்பைத் தொட்டபடி 1904-ல் அவர்கள் எழுப்பிய புகைப்பட நிலையம் இன்றும் நிற்கிறது. காலையில் கோவேறு கழுதைகளில் இறங்கும் பயணிகளைப் படம் எடுப்பார்கள். மாலையில் பயணிகள் ஏறி வரும்போது அச்சிட்ட படம் விற்பனைக்குத் தயாராக இருக்க வேண்டும். விளிம்பில் படம் கழுவத் தண்ணீர் இல்லை. எனவே கண்ணாடித் தகடுகளோடு 7.2 கிலோமீட்டர் கீழே ஊற்றுக்கு ஓடி, அங்கே இருட்டறையில் கழுவி, பயணிகள் திரும்புவதற்குள் மேலே ஓடி வந்துவிடுவார்கள். 900 மீட்டருக்கு மேல் இறக்கம், அதே அளவு ஏற்றம். பிழைப்புக்காக இதை நாள்தோறும் செய்தவர்கள் அவர்கள்.

பாதை போகும் விதம்

தொடங்கியதும் ஒரு சிறு குகை வாயில் போன்ற சுரங்கம். அதையொட்டிய பாறையில் பழங்குடிகள் தீட்டிய ஓவியங்கள் உண்டு. பிறகு கொண்டை ஊசி வளைவுகள். பாதை அகலமானது, நன்றாகப் பராமரிக்கப்படுவது, கைப்பிடி தேவைப்படும் இடம் எதுவும் இல்லை. ஆபத்தே அந்தச் சௌகரியத்தில்தான் இருக்கிறது. மண் அரிக்காமலிருக்கக் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்துப் படிபோல் ஆக்கியிருக்கிறார்கள். கழுதைக் குளம்புகள் பட்டுப் பட்டுக் கட்டைக்குப் பின்னால் மண் குழிந்து, ஒவ்வொரு படியும் முழங்கால் எதிர்பார்ப்பதைவிட அரை அடி கூடுதலாக இருக்கும். குழிகளில் பொடிப்பொடியான செம்புழுதி, சாணம், சில இடங்களில் மூக்கைத் துளைக்கும் மூத்திரத் தேக்கம். இறங்கும்போது இவற்றைத் தாண்டிக் குதித்துப் போகலாம். ஏறும்போது ஒவ்வொன்றாக மிதிக்க வேண்டும்.

2.4 கிலோமீட்டரில் ஒரு கல்மண்டபம், 4.8 கிலோமீட்டரில் இன்னொன்று. மைல் கணக்கில் ஒன்றரை மைல் ஓய்விடம், மூன்று மைல் ஓய்விடம் என்று பெயர். இரண்டிலும் வெயில் காலத்தில் குடிநீர்க் குழாய் இருக்கும். மூன்று மைல் ஓய்விடத்துக்குக் கீழே ‘ஜேக்கப் ஏணி’ எனப்படும் வளைவுகள் ரெட்வால் சுவரைக் கடந்து இறக்கிவிடுகின்றன. அதன்பின் சரிவு தணிந்து, ஹவாசுபாய் கார்டன்ஸில் காட்டன்வுட் மரநிழலும் ஓடை நீரும் வருகின்றன. சப்பாத்திக்கள்ளியும் கற்றாழையும் மட்டுமே பார்த்துக்கொண்டு வந்த கண்ணுக்கு அந்தப் பச்சை நம்ப முடியாததாக இருக்கும். பலரின் திட்டத்தைக் கெடுப்பதும் அந்த இடம்தான். நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் உடம்பு தெளிந்துவிடுகிறது. ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே ஆறு’ என்று தோன்றிவிடுகிறது.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஏறக்குறைய சமதளமாக பிளாட்டோ பாயின்ட் என்ற நுனிக்குப் போகும். அது பாதைத் தொடக்கத்திலிருந்து 9.8 கிலோமீட்டர். நிழலே இல்லாத அந்த நுனியில் நின்றால் ஆறு நேர் கீழே தெரியும், இரைச்சலும் கேட்கும். ஒருநாள் நடைக்கு இதைவிட நல்ல எல்லை இந்தப் பாதையில் இல்லை. மற்றது ‘டெவில்ஸ் கார்க்ஸ்க்ரூ’ வளைவுகள் வழியே கரும்பாறைக்குள் புகுந்து, 12.5 கிலோமீட்டரில் ஆற்றைத் தொடும். கரையோரம் சிறிது தூரம் போய், வெள்ளிநிறத் தொங்குபாலம் ஒன்றைக் கடந்தால் முகாமும் பேன்டம் ராஞ்சும். கட்டடக் கலைஞர் மேரி கோல்ட்டரின் வடிவமைப்பில் 1922-ல் திறந்த விடுதி அது. இன்றும் அரிசியிலிருந்து அஞ்சல் வரை அதற்குக் கோவேறு கழுதைச் சுமைதான். அங்கே போடும் கடிதங்களில் கழுதை சுமந்து வந்தது என்று முத்திரை குத்துவார்கள். அங்குள்ள பிரைட் ஏஞ்சல் ஓடைக்கும் அதன் வழியே பாதைக்கும் அந்தப் பெயர் வந்தது 1869-ல் ஆற்றில் படகில் வந்த ஆய்வாளர் ஜான் வெஸ்லி பவலால்.

பழகியவர்கள் தெற்கு கைபாப் வழியே இறங்கி, பிரைட் ஏஞ்சல் வழியே ஏறுவதை விரும்புகிறார்கள். மொத்தம் சுமார் 26.5 கிலோமீட்டர். இறக்கம் சுருக்கமான, வறண்ட வழியில் காலைக் குளிர்ச்சியிலேயே முடிந்துவிடும். ஏற்றத்துக்குத் தண்ணீரும் நிழலும் உள்ள வழி. தெற்கு கைபாப் தொடக்கத்துக்குச் சொந்தக் காரில் போக அனுமதியில்லை. பூங்காவின் விடியற்காலைப் பேருந்தில்தான் போக வேண்டும்.

உடம்பு படும் பாடு

மலையேற்றத்தில் களைத்தவர் பாதியில் திரும்பினால் இறக்கம் அவரை வீட்டில் கொண்டுவந்து விடும். பள்ளத்தாக்கு நடை கிணற்றில் இறங்குவதைப் போன்றது. களைப்பு தெரியும்போது முழு ஏற்றமும் மிச்சமிருக்கும். இறங்க எடுத்த நேரத்தைப்போல் ஏறுவதற்கு இரு மடங்கு ஆகும் என்பது பூங்காக் காவலர்கள் சொல்லும் கணக்கு. காலையில் விளிம்பு குளிர்ந்திருக்கும். இறங்க இறங்கச் சூடு ஏறும். அடிப்பகுதி விளிம்பைவிட ஏறக்குறைய 11 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பம் கொண்டது. ஜூலையில் விளிம்பில் பகல் உச்சம் சராசரி 29 பாகை என்றால் கீழே 41. அது நிழலில் அளந்த கணக்கு. வெயிலில் நிற்கும் கரும்பாறைச் சுவர்களுக்கு நடுவே நடப்பவருக்கு அதற்கு மேலும் உறைக்கும். காலையில் கிளம்பியவர் மிகக் கீழான இடத்தில் இருக்கும்போதுதான் பகலின் உச்ச வெப்பம் வரும். ஏற்றம் தொடங்குவதும் அப்போதுதான். மூன்றும் ஒரே மணிநேரத்தில் கூடுவதால்தான் இந்த நடை ஆளை அடிக்கிறது.

வியர்வை தெரிவதே இல்லை என்பது இன்னொரு சிக்கல். காற்று அவ்வளவு வறட்சி. சட்டை நனையாது, வெள்ளை உப்புக் கோடுகள் மட்டும் தோன்றும். தாகத்துக்குப் பயந்து வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. சாப்பிடாமல் நீரை மட்டும் குடித்தால் இரத்தத்தில் சோடியம் அளவு சரிந்து, குமட்டல், தலைவலி, மனக்குழப்பம் என்று போய் வலிப்பு வரை முற்றலாம். வெப்பச் சோர்வின் அறிகுறிகளும் ஆரம்பத்தில் அநேகமாக இவையே. ஒன்றுக்குத் தண்ணீர் மருந்து, மற்றதற்கு அதே தண்ணீர் கேடு. ஆகவே காவலர்கள் நடைபயணியிடம் முதலில் கேட்பது ‘என்ன சாப்பிட்டீர்கள்?’ என்பதுதான். உப்புக்கடலை, பிஸ்கட், ஊறுகாய் சேர்த்த சோறு, எதுவானாலும் சரி. உப்பும் மாவும் உள்ளதைச் சிறிது சிறிதாக நாள் முழுக்கத் தின்றுகொண்டிருக்க வேண்டும். ஓடைகளில் சட்டையையும் தொப்பியையும் நனைத்துப் போட்டுக்கொள்வது அங்குள்ளவர்களின் கைவைத்தியம். உண்மையிலேயே பலன் தருவது.

மீட்புக்கு ஆளாகிறவர்களில் முதியவர்களைவிட நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்களே அதிகம் என்பது பூங்காவின் நெடுநாள் அனுபவம். மராத்தான் ஓடியவர்களும் இங்கே இறந்திருக்கிறார்கள். 1996-ன் கோடையில் வெப்பச் சாவுகள் பல நேர்ந்த பின், 1997-ல் முன்தடுப்பு மீட்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆபத்தில் சிக்கியவரைத் தேடிப் போவதற்கு மாறாக, காவலர்களும் தன்னார்வலர்களும் பாதையின் மேற்பகுதியிலேயே நின்று, கையில் ஒரு சிறு புட்டியோடு நண்பகலில் இறங்குகிறவரிடம் பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். யாரையும் தடுக்கும் அதிகாரத்தை அவர்கள் காட்டுவதில்லை. பேச்சு மட்டும்தான். அதற்கே நல்ல பலன் இருக்கிறது.

மறுகோடியில் நிற்பவர்கள் மலை ஓட்டக்காரர்கள். தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்கு ஏறி, மீண்டும் தெற்குக்கே திரும்பும் சுமார் 67 கிலோமீட்டரை ஜிம் வாம்ஸ்லி என்ற அமெரிக்கர் 2016 அக்டோபரில் 5 மணி 55 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் ‘அக்டோபர்’ என்ற சொல்லைக் கவனிப்பதில்லை.

தண்ணீரும் உயிரினங்களும்

குழாய்களில் வரும் நீர் வடக்கு விளிம்பின் கீழுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே போடப்பட்ட சுமார் 20 கிலோமீட்டர் அலுமினியக் குழாயில் வருகிறது. வெள்ளிநிறத் தொங்குபாலம் அந்தக் குழாயையும் சுமக்கிறது. தெற்கு விளிம்பின் விடுதிகளுக்கும் இதே நீர்தான். 1965 முதல் 1970 வரை போட்ட குழாய் இப்போது ஓயாமல் உடைகிறது. 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல். புதிய குழாய் போடும் வேலைக்காகப் பாதையின் பகுதிகளை அவ்வப்போது மூடுகிறார்கள். 2025 ஜூலையில் வடக்கு விளிம்பில் காட்டுத்தீ பரவி அங்கிருந்த பழம்பெரும் விடுதியே எரிந்துபோனபோது, கீழுள்ள பேன்டம் ராஞ்சையும் காலி செய்ய வேண்டியிருந்தது. இப்படி எதுவும் நேரலாம் என்பதால், குழாயில் நீர் வரும் என்று நம்பி வெறும் புட்டியோடு இறங்குவது மடமை.

பாம்புக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு. இங்கே மட்டும் வாழும் இளஞ்சிவப்பு நிறக் கிலுகிலுப்பைப் பாம்பு ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போகிற சாது. அதிகம் பேரைக் கடிப்பது பாறை அணில். ஓய்விடங்களில் பையின் ஜிப்பைத் திறந்து வைத்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். பயணிகள் தின்னக் கொடுத்துப் பழக்கியதன் விளைவு. வானத்தில் காண்டர் கழுகுகள் வட்டமிடலாம். அற்றுப்போகும் நிலைக்கு வந்த அந்த இனத்தை 1996-ல் அரிசோனாவில் மீண்டும் விட்டார்கள். இறக்கையில் எண் பொறித்த பட்டை தெரிந்தால் அதுதான். கோவேறு கழுதை வரிசை எதிரே வந்தால் வழி அவற்றுக்கே. பாதையின் மலைப்பக்கம் ஒதுங்கி, முன்னே வருபவர் சொல்கிறபடி அசையாமல் நிற்க வேண்டும். பள்ளப் பக்கம் ஒதுங்கக் கூடாது.

எப்போது, எதுவரை

வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. குளிர்காலத்தில் மேல் வளைவுகள் பனிக்கட்டியாக இறுகிவிடும். பூட்ஸில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் இறங்க முடியாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழையும் ஓடைகளில் திடீர் வெள்ளமும் வரும். கோடையில் காலை 10 மணிமுதல் மாலை 4 மணிவரை வெயிலில் நடக்கவே வேண்டாம் என்கிறது நிர்வாகம். ஒன்றரை மைல் ஓய்விடம் போய்வர 2 முதல் 4 மணி நேரம், மூன்று மைல் ஓய்விடத்துக்கு 4 முதல் 6, ஹவாசுபாய் கார்டன்ஸுக்கு 6 முதல் 9, பிளாட்டோ பாயின்ட்டுக்கு 9 முதல் 12. ஆறுவரை போய்வருவதற்கு நிர்வாகம் நேரம் குறிப்பதில்லை. போகாதீர்கள் என்பதே அதன் ஆலோசனை.

பகல்நேர நடைக்குத் தனி அனுமதிச்சீட்டு வேண்டியதில்லை, பூங்கா நுழைவுக் கட்டணம் போதும். திரும்பும் நேரத்தை விளிம்பிலேயே முடிவு செய்து, கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புங்கள். கால் வலிக்கிறதா என்று பார்த்துத் திரும்பினால் தாமதமாகிவிட்டது என்று பொருள். ஆற்றைத் தொட்டே தீர வேண்டும் என்பவர்கள் கீழே ஓர் இரவு தங்குவது நல்லது. முகாமிடத் தனி அனுமதி வாங்க வேண்டும். பேன்டம் ராஞ்சில் படுக்கை வேண்டுமானால் 15 மாதங்களுக்கு முன்பே குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும்.